நீலக் கத்தரிக்காய்

ஒரு பங்குனி மாதத்து மதியம். சிம்மக்கல்லில் என் ஸ்டூடியோ மாடியில் இருக்கிறது. கீழே வாழைக்காய் மண்டி. வெயில் ஏற ஏறப் பழுத்த வாசனையும் ஏறி வரும். அந்த வாசனையோடு சத்யாவும் படியேறி வந்தாள், கையில் ஒரு மஞ்சள் பை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து என் கீபோர்டின் மேலேயே வைத்தாள்.

"அக்கா, இது என்ன கலரு?"

"கத்தரிப்பூ கலரு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இதுல பாக்க என்ன இருக்கு? கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு."

"அப்ப உங்க படத்தப் பாருங்க."

போனை நீட்டினாள். இரண்டு வாரத்துக்கு முன் கொட்டாம்பட்டிப் பக்கம் அவள் மகளுக்குக் காதுகுத்து. நான்தான் போட்டோ. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நான் அனுப்பியிருந்த படங்களில் ஒன்று அது. பாப்பா வாயைப் பிளந்து அழுகிறாள், சத்யா குனிந்து சமாதானம் செய்கிறாள். அதே சேலை, அதே சரிகைக் கரை. ஆனால் நிறம் நீலம். நீலமா ஊதாவா என்று யோசிக்க வைக்கும் நீலமில்லை. பேனா மை நீலம்.

சேலையைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். மறுபடி சேலையைப் பார்த்தேன். பிறகு, இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழியை வெளிச்சத்தின் மேல் போட்டேன்.

"மண்டபத்து மேடை லைட்டு அப்பிடிம்மா. கண்டதையும் மாட்டி வச்சிருக்காய்ங்க. நாம என்ன செய்ய?"

சத்யா அப்போதுதான் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துச் சமாளித்திருப்பேன். அவள் அழவும் இல்லை.

அண்ணன் அனுப்பிய சேலை

சத்யாவுக்கு ஒரே அண்ணன், மலைச்சாமி. சிங்கப்பூரில் கட்டட வேலை. அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவர். சத்யாவின் கல்யாணம் அவர் லீவு கிடைக்காமல் அங்கே இருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் அவசரத்தில், அவர் வராமலே நடந்துவிட்டது. முகூர்த்தத்தை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கலாம். யாரும் வைக்கவில்லை. அதிலிருந்து நான்கு வருடம் அண்ணனும் தங்கையும் பேச்சில்லை.

பாப்பா பிறந்த பிறகு அவர் மனம் இளகியிருக்கிறது. காதுகுத்து என்று கேள்விப்பட்டதும், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சேலை கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும், குழந்தையின் தாய் அண்ணன் தம்பி எடுத்த சேலையில் நிற்க வேண்டும். மடிக்குச் சித்தப்பா மகன் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். சேலைக்கு மாற்று கிடையாது. அதை அங்கே கடை கடையாக ஏறி அவரே தொட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல். அன்று காலை கோயிலில் சத்யா நாத்தனார் எடுத்த நீலப் பட்டைக் கட்டியிருந்தாள். அண்ணன் சேலை மாதிரியே அதிலும் பூவேலை கிடையாது, வெறும் சரிகைக் கரை. மண்டபத்துக்கு வந்ததும் அண்ணன் சேலைக்கு மாறிக்கொண்டாள். என் படங்களில் கோயிலிலும் நீலம், மண்டபத்திலும் நீலம்.

"அண்ணனுக்கு அம்புட்டுப் படத்தையும் அனுப்புனேன்க்கா. ஆசையா அனுப்புனேன். ஒரே ஒரு வாட்டி கூப்புட்டுச்சு. 'மாமியா வீட்டுச் சேலையே நல்லாருக்கு, அதையே கட்டிக்க'ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு. அதுக்குப் பொறவு போனே எடுக்கல."

"கட்டுனேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லாமயா? இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு வீடியோ எடுத்து அனுப்புனேன். 'இப்பக் கட்டி என்ன, அன்னைக்குக் கட்டலைல்ல'ன்னு ஒரு வரி வந்துச்சு. சொந்தக்காரங்க சொன்னா, நீங்கள்லாம் அவ பக்கம்னுருச்சாம்."

"மத்தவங்க போன்ல எடுத்த படம்?"

"ஆளுக்கு ஒரு கலரு காட்டுதுக்கா. பெரிய கேமராவுலயே நீலமாத்தான இருக்குன்னு கேக்குது."

பெரிய கேமரா என்றால் நான். சித்திரையில் லீவு போட்டு வந்து பாப்பாவை முதல்முறையாகப் பார்ப்பதாக இருந்த மனிதர், வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

மூஞ்சிக்கா, சேலைக்கா

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிலிம் காலத்தில் நாங்கள் ரோலை லேபில் கொடுப்போம். அங்கே மெஷினில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மூஞ்சிக்கா, சேலைக்கா?"

முகத்துக்கு நிறம் சரிசெய்தால் சேலை எங்கோ போய்விடும். சேலையைப் பிடித்தால் முகம் மஞ்சள் காமாலை கண்டதாகிவிடும். நாங்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல "மூஞ்சிக்கு" என்போம். அதிலும் ஒரு படி வெளுப்பாக. இந்த ஊரில் பாதிப் பேர் கறுப்பு, ஆல்பத்தில் மட்டும் எல்லோரும் கோதுமை நிறம். கூச்சமில்லாமல் செய்தோம், கூச்சமில்லாமல் கேட்டார்கள்.

டிஜிட்டல் வந்து, கேமரா பிடித்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் ரா ஃபைல் எடுக்கப் பழகியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அதுதான் காரணம். இனிமேல் முகமும் சேலையும் சேர்ந்தே சரியாக வரும், அந்தக் கேள்விக்கு இனி வேலையில்லை என்று நினைத்தேன்.

ஆனால் பழக்கம் போகவில்லை. காதுகுத்தில் சத்யாவை முந்நூறு படமாவது எடுத்திருப்பேன். அவள் சேலை மாற்றியதைக் கவனித்தேனா என்று கேட்டால், இல்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் நீலமாக வந்தபோது, நீலம்தானே கட்டியிருந்தாள் என்று தாண்டிப் போய்விட்டேன்.

பெயரை மாற்றியவள்

சத்யாவை உட்கார வைத்துக்கொண்டே சரிசெய்யப் பார்த்தேன். எடிட்டிங் சாஃப்ட்வேரில் நீலத்தை மட்டும் பிடித்து ஊதாப் பக்கம் தள்ளினேன். சேலை கத்தரிப்பூவானது. கூடவே அவள் வீட்டுக்காரரின் நீலச் சட்டையும் கத்தரிப்பூவானது. கோயிலில் கட்டியிருந்த நாத்தனார் சேலையும் கத்தரிப்பூவானது.

"இத அனுப்புனா அண்ணன் நம்பாதுக்கா. 'கம்ப்யூட்டர்ல கலரடிச்சு என்னைய ஏமாத்துறீகளா'ன்னு கேக்கும்."

நியாயம்தான். நினைத்தால் நான் அதைக் கிளிப்பச்சையாகக்கூட ஆக்க முடியும் என்று அவருக்கும் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவைத்தேன். அவள் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகுதான், அதுவரை நினைக்காமல் தள்ளி வைத்திருந்ததை நினைத்தேன்.

ரா ஃபைல் என்பது படமே இல்லை. கேமரா வாங்கிய வெளிச்சத்தின் குறிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு கேமராவும் அதைத் தன் வழியில்தான் குறித்துக்கொள்ளும். எந்தக் குறிப்பை எந்த நிறமாகப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விதி உண்டு. அதற்குத்தான் கலர் ப்ரொஃபைல் என்று பெயர். எடிட்டிங் சாஃப்ட்வேரிடம் நம் கேமராவின் ப்ரொஃபைல் இருந்தால் சேலை சேலையாக வரும்.

நான் அப்போதுதான் புதுக் கேமரா வாங்கியிருந்தேன். என் சாஃப்ட்வேர் பழையது. அந்தக் கேமராவையே தெரியாது என்று கைவிரித்துவிட்டது. புதிய சாஃப்ட்வேர் போட என் கம்ப்யூட்டருக்கு வயது இடம் கொடுக்கவில்லை. ஃபைலை எல்லாம் பொதுவான வேறொரு வகைக்கு மாற்றித் தரும் இலவச கன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. அது சரியான ப்ரொஃபைலையும் உள்ளே வைத்தே தரும். ஆனால் ஒரு விசேஷத்துப் படங்களை மாற்றி முடிக்க அரை நாள் ஆகும். எனக்குப் பொறுமை ஏது?

எங்கள் போட்டோக்காரர்கள் குரூப்பில் ஒருவர் குறுக்கு வழி சொன்னார். ஃபைலுக்குள் கேமராவின் பெயர் எழுதியிருக்கும். அதை அழித்து, அதே கம்பெனியின் பழைய மாடல் பெயரை எழுதிவிட்டால் சாஃப்ட்வேர் ஏமாந்து திறந்துவிடும். செய்தேன். திறந்தது. அன்று எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிற கதைதான் அது. சாஃப்ட்வேர் பழைய கேமராவின் விதியை வைத்துப் புதுக் கேமராவின் குறிப்பைப் படித்தது. முகம் சரியாகத் தெரிந்தது, குங்குமம் சரி, மஞ்சள் சரி. கத்தரிப்பூவில் வந்து கவிழ்ந்துவிட்டது.

அப்படியும் மனசு விடவில்லை. இல்லை, மேடை லைட்டாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த விசேஷத்துப் படங்களை முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்தேன்.

வேப்ப மரத்தடி

மண்டபத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் சமையல் நடந்தது. கிடா விருந்து. சமையல்காரர் என் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போய், "எங்களையும் நாலு எடுங்கக்கா, எப்பப் பாத்தாலும் மேடையவே எடுக்குறீக" என்றார். எடுத்தேன். ஆல்பத்தில் சமையல்கட்டை யார் போடப்போகிறார்கள் என்று அந்தப் படங்களை ஒதுக்கி வைத்திருந்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

அதில் ஒரு படம். எலும்புக் குழம்பில் போடுவதற்காகச் சாக்கில் கொட்டி வைத்த கத்தரிக்காய்க் குவியல். பக்கத்தில் அரிவாள்மனையோடு இரண்டு பெண்கள் சிரிக்கிறார்கள். நல்ல காலை வெயில், ஒரு விளக்குகூடக் கிடையாது.

கத்தரிக்காய் அத்தனையும் நீலம்.

சாக்கு சாக்கு நிறத்தில் இருக்கிறது. வேப்பிலை பச்சையாக இருக்கிறது. அந்தப் பெண்களின் கை கை நிறத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு குவியல் நீலக் கத்தரிக்காய், மையில் முக்கி எடுத்து அடுக்கியதாக. முதலில் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் வெளிச்சத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரே ஒரு நல்ல பழக்கம் என்னிடம் இருந்தது. கார்டிலிருந்து இறக்கியதை அப்படியே இன்னொரு டிரைவில் தொடாமல் வைத்திருப்பேன். அதில் கேமராவின் சொந்தப் பெயர் அழியாமல் இருந்தது. மறுநாள் காலை அதை எடுத்துக் கன்வெர்ட்டரில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு கழிந்து, மண்டியில் சாயங்கால லாரி வந்து நின்றபோது முடிந்தது. திறந்தேன்.

கத்தரிக்காய் கத்தரிக்காயாக இருந்தது. மண்டபத்தில் சத்யா கத்தரிப்பூ நிறத்தில் நின்றாள். அவள் வீட்டுக்காரர் நீலச் சட்டையில் நின்றார். கோயிலில் நாத்தனார் சேலை நீலமாகவே இருந்தது. நான் எதையும் தள்ளவில்லை, இழுக்கவில்லை.

ஒரு குரல் செய்தி

என் வீட்டுக்காரர்தான் எங்கள் விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பவர்; இந்தக் காதுகுத்துக்குப் போட்டோ மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அவரிடம் காட்டினேன்.

"சரியாயிருச்சுல்ல. புதுப் படத்த அனுப்பி, லைட்டுனால வந்துச்சுன்னு சொல்லிரு" என்றார்.

"லைட்டு இல்லையே."

"ஒன் தப்புன்னு சொல்லப்போறியா? கொட்டாம்பட்டி பூராம் தெரிஞ்சா அடுத்த விசேஷத்துக்கு எவன் கூப்புடுவான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தொழிலில் தப்பை ஒத்துக்கொள்கிறவருக்கு நேர்மையானவர் என்று பெயர் வராது, தொழில் தெரியாதவர் என்றுதான் பெயர் வரும். ஆனால் சரியான படத்தை மட்டும் அனுப்பினால் மலைச்சாமி நம்பப்போவதில்லை. அவரை நம்ப வைக்கக்கூடியது என் தப்பு ஒன்றுதான்.

சத்யாவிடம் நம்பர் வாங்கினேன். மூன்று படம் அனுப்பினேன். முதலில் நீலக் கத்தரிக்காய். அடுத்து அதே படம், சரியான நிறத்தில். மூன்றாவது, அதே சரியான முறையில் திறந்த காதுகுத்துப் படம். கீழே பேசி அனுப்பினேன்.

"தம்பி, ஒன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போட்டோ எடுத்த அக்கா பேசுறேன். மொதப் படத்தப் பாரு. அன்னைக்குக் கொழம்புக்கு வாங்குன காய். என் கம்ப்யூட்டரு புதுக் கேமராவ எடுத்துக்கலன்னு, நான் பழைய கேமரா பேரப் போட்டுத் திறந்தேன். அதுல ஊதாவெல்லாம் நீலமாயிருச்சு. ஒன் சேலையும் அப்பிடித்தான் ஆச்சு. தப்பு என்னுது. அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்ல."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. கேட்டுவிட்டார். மறுநாள் முழுக்கப் போனைப் பார்த்துப் பார்த்து, ஒரு கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் மாமாவை இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் இரைச்சல்.

"அக்கா, அந்தக் காய் நெசமாவே நம்ம விசேஷத்துல எடுத்ததா?"

"ஆமாப்பா. மண்டபத்துக்குப் பின்னாடி, வேப்ப மரத்தடியில."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "நாங்க கத்தரிக்காத் தோட்டம் போட்ட ஆளுகக்கா. நீலத்துல காய்ச்சு நான் பாத்ததில்ல." அவ்வளவுதான். கோபமா சிரிப்பா என்று குரலில் பிடிபடவில்லை.

அடுத்த நாள் காலை சத்யா கூப்பிட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அண்ணன் பேசுச்சுக்கா. கத்தரிக்கா கத்தரிக்கான்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. கல்யாணத்தப் பத்தியும் பேசிட்டோம். ரெண்டு மணி நேரம் பேசுனோம்."

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். சந்தோஷம் அப்படி இருந்தது.

பொட்டு வைத்த அட்டை

அதன் பிறகு நான் ஒரு நிற அட்டை வாங்கினேன். இருபத்துநாலு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். எந்த விசேஷமானாலும் அந்த இடத்து வெளிச்சத்தில் முதல் படம் அதுதான். அதை வைத்து என் கேமராவுக்கு நானே ப்ரொஃபைல் செய்யவும் கற்றுக்கொண்டேன். கஷ்டமான வேலை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடுகிறது. குரூப்பிலும் என் கதையை எழுதினேன். சிலர் கிண்டல் செய்தார்கள். ஏழெட்டுப் பேர் தனியாகக் கூப்பிட்டு, தாங்களும் பேர் மாற்றித்தான் திறப்பதாகச் சொல்லி வழி கேட்டார்கள்.

ஒரே தொல்லை. விசேஷ வீட்டில் முதல் வேலையாக எதையோ பயபக்தியோடு படம் எடுக்கிறாள் என்றதும் சாமி சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறார்கள். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு அம்மா என் அட்டையை வாங்கி, வெள்ளைக் கட்டத்தின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மிக அவசியமான கட்டம் அது. மாற்று அட்டை வாங்கினேன். பொட்டு வைத்தது இன்னும் மேஜையில் இருக்கிறது.

ஒண்ணையும் தொடாதீக

சித்திரைத் திருவிழா நெருக்கம். ஆற்றுப் பக்கம் போகும் கூட்டத்தில் சிம்மக்கல்லே நகரவில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். சத்யா அதே கத்தரிப்பூச் சேலையில் இருந்தாள். அவள் பின்னால் வெயிலில் கறுத்த, உயரமான ஒருவர். அவர் தோளில் பாப்பா, வந்து நான்கு நாளில் அவர் காதைப் பிடித்து ஓட்டும் அளவுக்குப் பழகியிருந்தாள்.

"நான்தான்க்கா, நீலக் கத்தரிக்கா" என்றார் மலைச்சாமி.

மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் வேண்டும், காதுகுத்து ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அது வர வேண்டும் என்றார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அதே மஞ்சள் பையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பாப்பாவின் கையில் கொடுத்தார். தோட்டத்தில் அன்று காலை பறித்தது, காம்பு இன்னும் வாடவில்லை.

"இது எதுக்கு தம்பி?"

"இருக்கட்டும்க்கா. நாளைக்கு நானே மறுபடி கோவிச்சுக்கிட்டா?"

எடுத்தேன். உடனே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொன்னார். அந்த ஒரு படத்தை மட்டும் கன்வெர்ட்டரில் மாற்றி, கேமராவின் சொந்தப் பெயரோடு, சொந்த ப்ரொஃபைலோடு திறந்தேன். அவர் பையிலிருந்து இன்னொரு கத்தரிக்காயை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். காயைப் பார்த்தார், படத்தில் இருந்த காயைப் பார்த்தார். பிறகு படத்தில் இருந்த சேலையைப் பார்த்தார். பின்னால் நின்ற சத்யாவும் எட்டிப் பார்த்தாள்.

"ஒனக்கு நல்லாத்தான் இருக்கு தாயி" என்றார், திரும்பாமலே.

அன்று அழாத சத்யா அப்போது அழுதாள்.

படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். பாப்பா கையிலிருந்த கத்தரிக்காயில் இரண்டு சின்னப் பல் தடம். நான் கிளிக் செய்வதற்குள் கடித்திருக்கிறாள். சத்யா முகத்திலும் வெயிலில் வந்த களைப்பு தெரிந்தது. கை தானாக மவுஸுக்குப் போனது.

"பல்லுத் தடத்த எடுத்துரவா தம்பி? முகத்தையும் கொஞ்சம் தெளிவாக்கிரவா?"

"வேணாம்க்கா. ஒண்ணையும் தொடாதீக."